கல்லாவில் நின்று கேட்ட ஆட்டம்

மான்செஸ்டரில் படித்தபோது கைச்செலவுக்காக மான்செஸ்டர் சிட்டி கால்பந்து அணியின் எதிஹாட் மைதானத்தில் தின்பண்டக் கடையில் நின்றிருக்கிறேன். மாணவர் விசாவில் படிப்பு நடக்கிற காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம், அதற்கு ஆட்ட நாள் வேலை தோதாக இருந்தது. "அப்ப மேட்ச் எல்லாம் ஓசியா?" என்று வீட்டில் கேட்பார்கள். ஒரு மேட்ச்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. கடை கேலரிக்கு அடியில், எதிரே சிமென்ட் சுவர், மூலையில் ஒரு டிவி. அவ்வளவுதான்.

இடைவேளை 15 நிமிடம்தான் எங்களுக்கு ஆட்டம். ஆடுகளம் கண்ணில் படுகிற இடத்தில் மது குடிக்கக் கூடாது என்று 1985இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அதனால் பீர் குடிக்கிறவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கீழே இறங்கி வருவார்கள். முன்கூட்டியே ஊற்றி வரிசையாக வைத்திருப்போம். தண்ணீர் பாட்டிலை மூடியைக் கழற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். மூடியோடு கொடுத்தால் எறிகிற ஆளுக்கு வசதியாகிவிடுமாம். அப்புறம் 'பை'. மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்டது. முதல் நாள் ஒருவர் "பை" என்று கேட்டதும் நான் பிளாஸ்டிக் பையைத் தேடினேன்.

2012 மே 13, ஞாயிற்றுக்கிழமை, இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் கடைசி நாள். சிட்டியும் அதே ஊரின் இன்னொரு அணியான யுனைடெட்டும் தலா 86 புள்ளி, கோல் வித்தியாசத்தில் (போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்தது) சிட்டி முன்னே. யுனைடெட் ஜெயித்தால் சிட்டியும் ஜெயித்தாக வேண்டும், டிரா போதாது. சிட்டி லீக் பட்டம் வென்று 44 வருடம் ஆகியிருந்தது. எதிரணி குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், அட்டவணையில் 17ஆவது இடம். கேக் வெட்டுகிற தினுசில்தான் எல்லோரும் வந்திருந்தார்கள்.

எங்கள் மேற்பார்வையாளர் அம்மா பரம்பரை யுனைடெட் ரசிகை. சிட்டி மைதானத்தில் அதை வெளியில் சொல்ல முடியுமா? கவுண்டருக்கு அடியில் போனை வைத்து சண்டர்லாந்தில் நடந்த யுனைடெட் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரூனி 20ஆவது நிமிடத்திலேயே கோல் போட்டிருந்தார். இங்கே சிட்டிக்கு 39இல் சபலேட்டா போட்டார். இடைவேளையில் பீர் பறந்தது.

இரண்டாம் பாதியில் மேலிருந்து வந்த சத்தம் மாறியது. முதலில் ரேஞ்சர்ஸின் சிசே கோல் போட்டு 1-1 ஆக்கினார். அப்புறம் அதே அணியின் ஜோயி பார்ட்டனுக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேராகிவிட்டார்களே, இனி என்ன என்று பார்த்தால் 66இல் அவர்களின் மேக்கி தலையால் முட்டி ரேஞ்சர்ஸுக்கு 2-1 ஆக்கிவிட்டார். சிமென்ட் வழியாக வருகிற அமைதி எப்படி இருக்கும் என்று அன்றுதான் கேட்டேன்.

90 நிமிடம் நெருங்க, ஆட்கள் படியிறங்க ஆரம்பித்தார்கள். ஒரு பெரியவர் கவுண்டரில் சாய்ந்து, டிவிக்கு முதுகு காட்டி நின்று டீ கேட்டார். கடை மூடியாகிவிட்டது. முகத்தைப் பார்த்து ஊற்றிக் கொடுத்தேன். பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்து அண்ணன், "தம்பி, சத்தத்தை விடும். காசை எண்ணும்" என்றார். எண்ணினேன்.

90க்குப் பிறகு சேர்த்துக் கொடுத்த நேரம் ஐந்து நிமிடம். சிட்டியின் ஜெக்கோ 2-2 ஆக்கினார். ஆனால் சண்டர்லாந்தில் ஆட்டம் முடிந்துவிட்டது, யுனைடெட் ஜெயித்தாகிவிட்டது. மேற்பார்வையாளர் போனைக் கவிழ்த்து வைத்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, காது மட்டும் சிவந்திருந்தது.

அப்போதுதான் கட்டடமே அதிர்ந்தது. எங்கள் டிவி நாலைந்து வினாடி பின்னால் ஓடுவது வழக்கம். ஆக, தலைக்கு மேல் கோல் விழுந்துவிட்டது, திரையில் இன்னும் விழவில்லை. பலோட்டெல்லி விழுந்துகொண்டே பந்தைத் தள்ளிவிடுகிறார், அகுவேரோ ஓர் ஆளைத் தாண்டுகிறார். முடிவு தெரிந்த பிறகும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். 93 நிமிடம், 20 வினாடி. பெரியவர் திரும்பவே இல்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி "யாருக்கு?" என்றார். "நமக்கு" என்றேன். எனக்கு எப்போது 'நமக்கு' ஆனதோ தெரியாது. டீ கவுண்டரெல்லாம் சிந்தியது. அவர் ஓடிப் படியேறினார்.

எண்ணிய காசு மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். ஏழு பவுண்டு உதைத்தது. டீக்கும் காசு வாங்கவில்லை. மேற்பார்வையாளர் கணக்குத் தாளைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். மேலே ஆடுகளம் முழுக்க ஜனம்.

"வா லவ்" என்றார். அந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் லவ்தான். "துடைப்பத்தை எடு. இவர்கள் இன்றைக்கு வீட்டுக்குப் போகப் போவதில்லை."