சீட் நம்பர் இல்லாத விமானம்

ஏர் டெக்கானில் போனவர்களிடம் பேசிப் பாருங்கள், விமானத்தைப் பற்றிக் கொஞ்சமாகத்தான் சொல்வார்கள், பக்கத்தில் உட்கார்ந்து வந்தவரைப் பற்றித்தான் நிறையச் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான். அந்த விமானத்தில் ஏறியவர்களில் அதற்கு முன்னால் விமானத்தையே பக்கத்தில் பார்க்காதவர்கள் ஏராளம், அவர்களோடு பயணம் செய்த சந்தோஷம் அப்புறம் எந்த விமானத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

கேப்டன் கோபிநாத், கர்நாடகத்தின் கோரூர்க்காரர், ராணுவத்திலிருந்து வந்து விவசாயம் பார்த்தவர், ஹெலிகாப்டர் கம்பெனி நடத்தியவர், 2003-ல் இந்தக் குறைந்த கட்டண விமானக் கம்பெனியைத் தொடங்கினார். ரயிலில் போகிறவரை விமானத்தில் ஏற்ற வேண்டும் என்பதுதான் கணக்கு. அதனால்தான் ஆர்.கே.லக்ஷ்மணின் கார்ட்டூன் சாமானியன், அந்தக் கட்டம் போட்ட கோட்டுக்காரர், கம்பெனியின் முகமாக வந்தார். ஒரு ரூபாய் டிக்கெட் என்று விளம்பரம் செய்தார்கள், வரி தனி, இடமும் கொஞ்சம்தான், ஆனாலும் அது நிஜமாகவே சிலருக்குக் கிடைத்தது. ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்தின் பெட்ரோல் பங்க்குகளில்கூட டிக்கெட் விற்றார்கள். நாங்கள் பிரவுசிங் சென்டரில் போட்டு, அந்த ஏ4 தாளை மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவோம். அதுவே அப்போது புதுசு.

எனக்கு ஊர் திருச்செந்தூர் பக்கம், வேலை சென்னையில். ஊருக்குப் போவதென்றால் முத்துநகர் எக்ஸ்பிரஸ், ஒரு ராத்திரி முழுக்க. 2006-ல் டெக்கானின் ஏடிஆர் விமானம் சென்னையிலிருந்து, தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிற வாகைக்குளத்துக்கு வரத் தொடங்கியபோது எங்கள் ஊர்ப் பக்கம் அதுதான் பேச்சு. வாகைக்குளம் ஓடுதளம் அப்போது ரொம்பச் சின்னது, 1,350 மீட்டர்தான், ஜெட் இறங்க முடியாது, இறக்கையில் விசிறி சுற்றுகிற இந்தச் சின்ன விமானம்தான் இறங்க முடியும்.

போர்டிங் பாஸில் சீட் நம்பர் இருக்காது. முதலில் போகிறவர் பிடித்த இடத்தில் உட்காரலாம். கதவைத் திறந்ததும் வேகநடை, சிலர் ஓட்டமே. குடும்பத்தோடு வந்த ஒரு பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு சீட்டுக்குக் குறுக்கே போட்டு, பின்னால் வருகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். யாரும் முகம் சுளிக்கவில்லை, நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எழுந்து இடம் மாறி உட்கார்ந்து அவர்களைச் சேர்த்து வைத்தார். சாப்பாடு இலவசம் கிடையாது, வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும், அதனால் பாதிப் பேர் வீட்டிலிருந்தே பொட்டலம் கட்டி வந்திருப்பார்கள். விமானம் மேலே போய் நிலைத்ததும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி வாசனை கிளம்பும், பக்கத்தில் இருப்பவருக்கும் ஒன்று நீட்டுவார்கள். சென்னை திரும்பும்போது மேலே இருக்கிற பெட்டியைத் திறந்தால் தூத்துக்குடி மக்ரூன் டப்பாதான்.

ஆனால் எனக்கு அந்தப் பயணங்களில் எல்லாவற்றையும் விடப் பிடித்தது ஜன்னல். ஏடிஆரில் இறக்கை தலைக்கு மேலே இருக்கும், ஜெட் அளவுக்கு உயரமும் போகாது, அதனால் கீழே ஊர் ஊராகத் தெரியும். கொள்ளிடத்தின் அகல மணல், அப்புறம் பச்சை, அப்புறம் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்கள் ஒன்றன் பின் ஒன்றாக, கடைசியில் தூத்துக்குடி உப்பளங்கள். ஒரு தை மாதம் எங்கள் ஆச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். பயப்படுவாள் என்று கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவள் கையை விடுவித்துக்கொண்டு ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். ரொம்ப நேரம் பேச்சில்லை. பிறகு, "எல்லாக் குளத்துலயும் தண்ணி கெடக்குல்லா, இந்த வருசம் கொறையில்ல" என்றாள். வாழ்நாள் முழுக்க வயலில் நின்றவள், ஆகாயத்தில் இருந்தும் அதைத்தான் பார்த்தாள். முன் சீட்டில் இருந்தவர் உப்பளத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவராம், இறங்கும்போது திரும்பி உட்கார்ந்து எது எந்தப் பாத்தி, எங்கே தண்ணீர் கட்டுவார்கள், எங்கே உப்பு வாருவார்கள் என்று ஆச்சிக்கு விரலால் காட்டிக்கொண்டே வந்தார். நானும் அன்றைக்குத்தான் அதையெல்லாம் தெரிந்துகொண்டேன்.

சரி, அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நஷ்டம் ஏறியது, 2007-ல் மல்லையாவின் யூபி குழுமம் 26 சதவீதப் பங்கு வாங்கியது, அடுத்த வருடம் அவருடைய கிங்ஃபிஷர் விமானக் கம்பெனியோடு இணைப்பு, பெயர் கிங்ஃபிஷர் ரெட் என்று மாறியது, சாமானியன் போய்விட்டார், 2012 அக்டோபரில் கிங்ஃபிஷரே நின்றது. டெக்கான் என்ற பெயர் 2017-ல், சிறிய ஊர்களுக்கு விமானம் விடுகிற அரசின் உடான் திட்டத்தில் மிகச் சிறிய விமானங்களோடு திரும்பி வந்து, கொரோனா வருடத்தில் அதுவும் நின்றுபோனது. இதை ஒரு தோற்ற கம்பெனி என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஸ்பைஸ்ஜெட், கோஏர், இண்டிகோ எல்லாம் டெக்கானுக்குப் பிறகு வந்தவை. விமானம் நமக்கும் ஆகும் என்ற நினைப்பை எங்கள் மாதிரிக் குடும்பங்களுக்குள் கொண்டுவந்தது டெக்கான்தான், அந்தப் பயணிகளைத்தான் மற்றவர்கள் பிற்பாடு ஏற்றிக்கொண்டார்கள்.

இப்போது வாகைக்குளத்தில் ஓடுதளத்தை 3,000 மீட்டருக்கும் மேல் நீட்டிவிட்டார்கள், 2025-ல் புது முனையமும் திறந்தாயிற்று. பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பொங்கல், தீபாவளி சமயத்தில் சென்னை–தூத்துக்குடி கட்டணம் ஐந்திலக்கத்துக்குப் போய்விடுகிறது. அந்த விலைக்கு, துண்டு போட்டு இடம் பிடித்த அந்தப் பெரியவர் குடும்பத்தோடு ஏற முடியாது. ஓடுதளத்துக்குச் செலவு செய்தவர்கள் அவருக்கும் ஒரு வழி செய்ய வேண்டும், விமானத்துக்கு நாலு சீட்டாவது ரயில் கட்டணத்தில் ஒதுக்கினால்கூடப் போதும்.