நரம்பு மேல் எண்ணின கதை

மூலிகைச் சரக்கு சோதிக்கும் ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில், மலமிளக்கியாகப் பயன்படும் நிலாவரை இலையைப் பார்த்தே ரகம் சொல்லிவிடுவேன் என்று ஒரு தெம்பு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் விளைவதை ஏற்றுமதிக்காரர்கள் டின்னவெல்லி சென்னா என்பார்கள். சூடான் பக்கத்துச் சரக்கு அலெக்சாண்டிரியா சென்னா. நம்மூர் இலை சற்று நீளம், அடிப்பக்கக் கோணலும் குறைவு. ஆனால் அன்று வந்தது பொடி. பொடியில் ஏது நீளம், ஏது கோணல்?

ஒரு சிட்டிகையைக் குளோரல் ஹைட்ரேட்டில் சூடாக்கினால் பச்சை கரைந்து, இலைத்துணுக்கு கண்ணாடி மாதிரி தெளியும். ஒரு சொட்டு கிளிசரின் விட மறந்தால், ஆறியதும் ஊசி ஊசியாகப் படிகம் கிளம்பி ஸ்லைடே பாழ். அப்புறம் நுண்ணோக்கியில் எண்ண வேண்டியதுதான். இலை மூச்சுவிடும் இலைத்துளை எத்தனை, சுற்றிலும் தோல் செல் எத்தனை. மொத்தத்தில் துளைகள் நூற்றுக்கு எத்தனை என்பதே கணக்கு. வெறுமனே துளைகளை எண்ணினால் இலையின் வயதுக்குத் தக்கபடி மாறும். இந்த விகிதம் அவ்வளவாக மாறாது. நம்மூர் இலைக்குப் பதினேழு, பதினெட்டு வாக்கில்; அலெக்சாண்டிரியாவுக்குப் பன்னிரண்டு ஒட்டி.

எனக்கு வந்தது 12. "டின்னவெல்லி இல்லை" என்று எழுதிவிட்டேன்.

மூத்த அக்கா ஐபீஸில் கண் வைத்தபடியே கேட்டார்: "நரம்பு மேலயா எண்ணுன?"

நீளநீளமாக, வரிசைகட்டி நின்ற செல்களைத்தான் எண்ணியிருக்கிறேன். நரம்பின் மேல் துளை இருக்காது. விகிதம் இறங்காமல் என்ன செய்யும்? அக்கா ஸ்லைடை ஒரு நூல் நகர்த்தினார். ஒவ்வொரு துளைக்கும் இரண்டு பக்கமும் இணையாக ஒட்டிய துணைச்செல்கள், காபிக்கொட்டையைக் கையில் பொத்தினதுபோல. 18 துளை, 85 செல். 17.5. அறிக்கையைக் கிழித்தேன்.

அடுத்த வாரம் வந்த மூட்டைக்கு எண்ணவே வேண்டியிருக்கவில்லை. 80 சதவீதக் கந்தக அமிலம் பட்டதும் துணுக்குகள் செக்கச் சிவந்தன: ஆவாரை கலந்திருக்கிறது. ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று கொண்டாடுகிற செடிதான், ஆனால் நிலாவரை மூட்டைக்குள் அது கலப்படம்.

தாவரவியலாளர்கள் இப்போது அந்த இரண்டு சென்னாவையும் ஒரே இனமாக்கி, சென்னா அலெக்சாண்டிரினா என்கிறார்கள். எங்கள் பதிவேட்டில் இன்னும் இரண்டு பத்திதான். எண்ணுவதற்கு முன் நரம்பு எங்கே ஓடுகிறது என்று ஒருமுறை தேடிக்கொள்கிறேன்.