குஸ்கோவில் ஒரு நாள் ஸ்கெட்ச்: மூச்சு விட்டுக்கொண்டே கோடு போடப் பழகினேன்

மூன்றாவது நோட்டு, பக்கம் 22 முதல் 27 வரை. ஒரு செமஸ்டர் படிக்கப் பெருவின் தலைநகர் லீமாவுக்கு வந்ததிலிருந்து வாரம் ஒரு தெருவை உட்கார்ந்து வரைவது என்று வைத்திருக்கிறேன், ஜூலை விடுமுறையில் நோட்டோடு அதே நாட்டின் மலைநகரமான குஸ்கோவுக்கு வந்துவிட்டேன். கடலோரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகாத விமானப் பயணம், இறங்கினால் 3,400 மீட்டர் உயரம். வந்த அன்று எங்கும் போகாமல் கோகா இலைத் தேநீரைக் குடித்துவிட்டுப் படுத்திருந்தேன், அது சரியான முடிவு. பேனாவைத்தான் கவனிக்கத் தவறிவிட்டேன். பாதி மையோடு பையில் கிடந்த ஊற்றுப்பேனாவுக்குள் இருந்த காற்று, மேலே போகப் போக விரிந்து மையை வெளியே தள்ளியிருக்கிறது, மூடி முழுக்க மை. கொண்டு வருகிறவர்கள் மையைத் தளும்ப நிரப்பியோ அடியோடு காலி செய்தோ, நிப் மேலே பார்க்கிற மாதிரி வைத்துக் கொண்டு வாருங்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு லொரேட்டோ தெரு. பெரிய சதுக்கத்திலிருந்து பிரிகிற ஒடுக்கமான சந்து இது. இரண்டு பக்கமும், ஸ்பானியர்கள் வருவதற்கு முன் இங்கே ஆண்ட இன்காக்களின் காலத்துச் சுவர்கள். ஒரு பக்கச் சுவர் இன்று சாந்தா கத்தலீனா கன்னிமாடத்தின் அடியில் இருக்கிறது. செங்கல் அடுக்கினாற்போல் வரிசை பிசகாத கற்கள், இடையில் சாந்தே கிடையாது. நீளக்கோடு போடும்போது மூச்சை அடக்கிக்கொள்வது என் பழக்கம், லீமாவில் அதனால் ஒன்றும் ஆனதில்லை. இங்கே மூன்றாவது கோட்டிலேயே கண் இருட்டிக்கொண்டு வந்தது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வேறு மாதிரி செய்து பார்த்தேன்: மூச்சை வெளியே விடும்போது ஒரு கல்லின் நீளத்துக்கு மட்டும் கோடு, உள்ளே இழுக்கும்போது கை நிற்க வேண்டும், பிறகு அடுத்த கல். அந்த வரிசைக்கோடுகள் உண்மையில் நீளக்கோடுகளே இல்லை, ஒவ்வொரு கல்லிலும் மயிரிழை ஏறியும் இறங்கியும்தான் போகின்றன என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒரே இழுப்பில் போட்டிருந்தால் இதைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

ஒரு தப்பும் நடந்தது. சுவரின் ஓரத்தை நேர் செங்குத்தாக வரைந்துவிட்டு, படம் ஏன் சுவர் மாதிரியே இல்லை என்று முழித்துக்கொண்டிருந்தேன். பென்சிலைக் குண்டுநூல் மாதிரி தொங்கவிட்டுப் பார்த்தால், சுவர் மேலே போகப் போகப் பின்னால் சாய்கிறது! இரண்டு பக்கமும் அப்படிச் சாய்வதால் சந்து தரையில் குறுகலாகவும் மேலே அகலமாகவும் இருக்கிறது. வாசல்களும் மாடங்களும்கூட அடி அகன்று தலை குறுகியவைதான். நிலநடுக்கம் அடிக்கடி வருகிற ஊரில் சுவரைப் பின்னுக்குச் சாய்த்து, அடியில் கனத்த கற்களை வைத்திருக்கிறார்கள். 1950 மே மாத நிலநடுக்கத்தில் சாந்தோ தொமிங்கோ மடம் பலமாகச் சேதமானது, அதற்குள் இருந்த கொரிகாஞ்சா கோயிலின் இன்கா சுவர்கள் நின்றன. இரண்டாவது ஸ்கெட்ச் அங்கேதான், வெளியே வளைந்து போகிற அந்தக் கரிய சுவர். வளைவு சரியாக வரவில்லை, இன்னொரு முறை போக வேண்டும்.

பிறகு கதீட்ரல். மார்கோஸ் சபாத்தா வரைந்ததாகச் சொல்லப்படும் கடைசி இராவுணவு ஓவியத்தில் மேசை நடுவே தட்டில் கினிப்பன்றி வறுவல் இருக்கிறது. அதை நேரில் பார்க்க ரொம்ப நாள் ஆசை, பார்த்தேன். வரைய நேரமில்லை.

ஹாதுன் ருமியோக் தெருவில் இரண்டு மணி நேரம் இருந்தேன். பெயருக்குக் கெச்சுவா மொழியில் பெரிய கல் உடையது என்று அர்த்தம். சுவரில் பன்னிரண்டு மூலைகளோடு செதுக்கிப் பொருத்திய புகழ்பெற்ற கல் இருப்பது இங்கேதான். தொடக் கூடாது, காவலுக்கு ஆள் நிற்கிறார். 2025 பிப்ரவரியில் ஒருவன் சுத்தியலால் அடித்து அதைச் சேதப்படுத்தினான், அந்தத் தழும்புகளைப் பார்க்க வயிறு எரிந்தது. எதிர்ச்சுவர் ஓரமாக உட்கார்ந்தேன். கல்லை வரைந்து முடித்து எண்ணினால் பதினொரு மூலைதான் வந்தது. ஒவ்வொரு மூலையாக விரலை நீட்டி எண்ணி, தவறவிட்ட சின்ன மடிப்பைக் கண்டுபிடித்து, பக்கத்துக் கல்லையும் சேர்த்து அழித்து மறுபடி வரைந்தேன். ஒரு மூலை தப்பினால் சுற்றியுள்ள கற்கள் எதுவும் உட்காராது, காகிதத்திலேயே அப்படி என்றால் கல்லில் எப்படிச் செய்தார்கள்!

நிழலுக்குப் புள்ளி வைக்கும்போதுதான் இன்றைய நாளின் நல்ல விஷயம் நடந்தது. கல் முகத்தில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றன. நடுவில் பெரிதாக இருப்பவை, ஓரத்தை நெருங்க நெருங்கப் பொடியாகிவிடுகின்றன. கட்டடக்கலைப் பேராசிரியர் ழான்-பியேர் புரோட்சன் 1980களில் இன்கா கல்குவாரிகளில் கிடந்த உருண்டைக் கற்களைச் சுத்தியலாக எடுத்துத் தானே கல்லை அடித்துப் பார்த்தவர். முகத்துக்குக் கனமான உருண்டை, விளிம்பு உடையாமல் இருக்க அங்கே சின்ன உருண்டை என்று அவர் விளக்கியிருப்பதைப் படித்திருந்தேன். படித்தபோது மனதில் நிற்கவில்லை. இன்று நடுவுக்கு 0.5 மி.மீ. முனைப் பேனா, ஓரத்துக்கு 0.1 என்று மாற்றி மாற்றிப் புள்ளி வைத்தபோது, இந்தக் கல்லைச் செதுக்கிய கொத்தர் கருவியை மாற்றிய அதே இடத்தில் நானும் பேனாவை மாற்றிக்கொண்டிருந்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது.

மதியம் சான் பெத்ரோ சந்தையில் கோழிச் சூப், பெரிய கிண்ணம். தலைவலி அதோடு போய்விட்டது.

ஊருக்கு மேலே இருக்கிற இன்கா கோட்டை சாக்சய்வாமானுக்கு நடந்தே ஏறினேன். சுற்றுலா டிக்கெட் வாங்கும்போது சர்வதேச மாணவர் அட்டையைக் காட்டினால் விலை நன்றாகக் குறைகிறது, மறக்காமல் எடுத்துப் போங்கள். சான் கிறிஸ்தோபல் தேவாலயத்துக்கு மேல் இருபது படிக்கு ஒரு தடவை நின்றேன், உச்சி கிட்டத்தட்ட 3,700 மீட்டர். மூன்று அடுக்காக, ரம்பப் பல் மாதிரி மடிந்து மடிந்து போகிற சுண்ணாம்புக்கல் சுவர்கள், மிகப் பெரிய கல் நூறு டன்னுக்கு மேல். சின்னக் கற்களையெல்லாம் ஸ்பானியர்கள் பெயர்த்துக்கொண்டு போய்க் கீழே தேவாலயங்களும் வீடுகளும் கட்டினார்கள், அசைக்க முடியாதவை மிஞ்சின. சுவர்கள் வடக்கு பார்த்தவை, ஜூலையில் இங்கே வெயிலும் வடக்கிலிருந்துதான் வருகிறது, அதனால் ஒவ்வொரு கல்லின் புடைப்பும் தனித்தனியாகத் தெரிந்தது. நீர்வண்ணம்தான் படுத்தியது: காற்று அவ்வளவு உலர்வு, தூரிகையை அடுத்த கல்லுக்கு நகர்த்துவதற்குள் முதல் கல் காய்ந்து விளிம்பில் கோடு விழுந்துவிடுகிறது. முதலில் வெறும் தண்ணீரைப் பூசி, காகிதம் ஈரமாக இருக்கும்போதே வண்ணம் விட்டதும் சரியானது.

சூரியன் இறங்கியதும் குளிர் விரலைப் பிடித்துக்கொண்டது, மூடி வைத்துவிட்டேன். பக்கம் 27இல் கீழ் அடுக்கின் மூலைக்கல்லுக்கு நடுப்புள்ளிகள் மட்டும் வைத்திருக்கிறேன், ஓரம் பாக்கி. 0.1 பேனாவில் மை தீர்ந்துவிட்டது, காலையில் முதல் வேலை கடை தேடுவது.