ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்: மதுரை வெயிலில் மீடியம் ஃபார்மெட்

மீடியம் ஃபார்மெட் ஃபிலிமில் படம் எடுக்கப் போகிறேன் என்றதும் நண்பர்கள் எல்லாரும் கேமராவைப் பற்றித்தான் கேட்டார்கள். ஹாசல்பிளாடா, மாமியாவா, எவ்வளவு ஆகும், எங்கே கிடைக்கும்? கேமரா விஷயம் சீக்கிரமே முடிந்துவிட்டது. எடுத்த ரோலை மதுரை வெக்கையில் பதமாகக் கழுவி, நல்ல நெகட்டிவாகக் கையில் எடுப்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. அது வீட்டிலேயே கைவந்ததால்தான் இன்றுவரை விடாமல் எடுக்க முடிகிறது. ஆகவே இந்தப் பதிவில் பாதிக்கு மேல் கழுவுவதைப் பற்றித்தான் இருக்கும்.

புதிதாக வருபவர்களுக்கு அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். மீடியம் ஃபார்மெட் என்று இங்கே நாம் பேசுவது 120 ரோல். கோடாக் 1901-இல் கொண்டுவந்த அளவு, இன்றும் அப்படியே தயாராகிறது. ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் அகலம், ஓரத்தில் ஓட்டை கிடையாது, பின்னால் எண் அச்சிட்ட காகிதம் சேர்ந்தே சுற்றியிருக்கும். கேமராவைப் பொறுத்து ஒரு ரோலில் 8 முதல் 16 படம் வரை வரும். என்னுடையது சதுரம், 6×6, பன்னிரண்டு படம். ஒரு படத்தின் நிஜ அளவு 56×56 மில்லிமீட்டர். 35 மில்லிமீட்டர் ஃபிலிமின் 24×36 சட்டத்தோடு ஒப்பிட்டால் பரப்பு மூன்றரை மடங்குக்கும் மேல். பெரிதாக்கிப் பிரிண்ட் போடும்போது முகத்தின் தோலும் சுவரின் காரையும் நொறுங்காமல் நிற்பதற்குக் காரணம் இந்தப் பரப்புதான்.

இது நமக்குப் புதிய சங்கதியும் அல்ல. உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் வெள்ளை ஓரம் வைத்த சதுரப் படங்கள் இருந்தால், அவற்றில் பலவும் 120 ரோலில் எடுத்தவையாகத்தான் இருக்கும். பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3 பெட்டிக் கேமராவுக்கும் இதே ரோல்தான், இதே பன்னிரண்டு சதுரம்தான். ஊட்டியில் 1960-இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலை, ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்டுக்கொண்டிருந்தது. அந்த ஆலை மூடிக் கிடப்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆற்றாமைதான். இன்று நான் வாங்குவது இங்கிலாந்திலிருந்து வரும் இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ். விலை ஏறிக்கொண்டே போகிறது. ஷட்டரை அழுத்தும் முன் அந்த விலையைப் பன்னிரண்டால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிடும்.

கேமரா, யாஷிகா மேட் 124ஜி. மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு லென்ஸ். மேல் லென்ஸ் பார்க்க, கீழ் லென்ஸ் படம் பிடிக்க. குவியத் தூரம் 80 மில்லிமீட்டர், லென்ஸின் முழுத் திறப்பு எஃப் 3.5. கடையை மூடிவிட்ட ஸ்டுடியோக்காரர் ஒருவரிடம் வாங்கினேன். வாங்கும் முன் அவரே பின்கதவைத் திறந்து, டார்ச் அடித்து, லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். நூல் நூலாக, சிலந்தி வலைபோலத் தெரிந்தால் வாங்கக் கூடாதாம். அடுத்து ஒரு நொடி வேகத்தில் வைத்துத் தட்டிவிட்டார். உள்ளே பல்சக்கரம் சீராக ஓடி முடியும் சத்தம் கேட்டது. நடுவில் திணறினால் பழைய கிரீஸ் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். பக்கவாட்டிலிருந்த செல்ஃப் டைமர் லீவரை நோக்கி என் விரல் போனதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, அதத் தொட்றாதீங்க. இத்தன வருசம் ஆன கேமராவுல அது மாட்டிக்கிட்டா ஷட்டரே நின்டுபோகும். அப்பறம் அத யாரு பிரிச்சுச் சேக்குறது?”

“ஷட்டர் வேகத்த 500-ல வைக்கணும்னா, ஐயா?”

“சுத்துறதுக்கு முன்னாடியே வச்சுருங்க. சுத்துனதுக்கப்பறம் 500-க்குத் திருப்பாதீங்க.”

கேமராவில் உள்ள லைட் மீட்டரை நான் நம்புவதில்லை. பாதரச பேட்டரிக்காகச் செய்த மீட்டர் அது. அந்த பேட்டரி இப்போது வருவதில்லை, வேறு பேட்டரி போட்டால் வோல்டேஜ் மாறிக் கணக்கு தப்புகிறது. போனில் ஒரு மீட்டர் செயலி போதும். உச்சி வெயிலில் அதுவும் வேண்டாம்: ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 400 உள்ள ஃபிலிமுக்கு எஃப் 16, ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு. நிழலில் மட்டும் இருண்ட பகுதியை அளந்து, ஒளியைக் கொஞ்சம் தாராளமாகவே கொடுக்கிறேன். கறுப்பு வெள்ளை நெகட்டிவ் ஒளி கூடினால் தாங்கிக்கொள்ளும். நிழலில் பதியாமல் போன விவரத்தை எந்த மருந்தாலும் பிறகு வரவழைக்க முடியாது.

இந்தக் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்க்க முடியாது. வயிற்றருகே பிடித்து, மேலே உள்ள கண்ணாடியைக் குனிந்து பார்க்க வேண்டும். அதில் படம் இடவலம் மாறித் தெரியும். இடமிருந்து வரும் ஆட்டோ வலமிருந்து வரும். சட்டத்தை இடப்பக்கம் நகர்த்த நினைத்தால் கை எதிர்த்திசையில் போகும். கொஞ்ச நாளில் பழகிவிடும். அருகில் எடுக்கும்போது ஃபோகஸ்தான் பெரிய சோதனை. ஒன்றரை மீட்டர் தூரத்தில் எஃப் 3.5 வைத்தால் கூர்மையாக விழும் ஆழம் 12 சென்டிமீட்டர் அளவுதான், ஒரு சாண்கூட இல்லை. கண் கூர்மையாக இருக்கும், காது கலங்கிவிடும். மேலே மடக்கி வைத்திருக்கும் உருப்பெருக்கியை இறக்கி, கண்ணிமையில் ஃபோகஸ் பிடித்து, மூச்சை அடக்கித்தான் அழுத்துகிறேன்.

குனிந்து எடுப்பதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. எதிரில் இருப்பவருக்கும் நமக்கும் நடுவில் கேமரா முகத்தை மறைத்துக்கொண்டு நிற்காது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகையை அளந்து போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, “என்னய்யா, குனிஞ்சுக்கிட்டே நிக்கிற?” என்று கேட்டார். கண்ணாடியைக் காட்டினேன். கூடையும் பூவும் ஆட்களும் அதில் அசைவதைக் கண்டதும், “அடியே, சினிமாக் கொட்டக மாதிரியில்ல தெரியுது!” என்று பக்கத்துக் கடைக்காரியையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு எடுத்த படத்தில் இருவருமே இயல்பாக நிற்கிறார்கள்.

ரோல் போடுவது எளிது. காகிதத்தில் உள்ள அம்புக்குறியைக் கேமராவின் தொடக்கப் புள்ளியோடு சேர்த்து, கதவை மூடி, கைப்பிடி நிற்கும்வரை சுற்றினால் முதல் படம் தயார். நிழலில் நின்று போடுங்கள். போடும்போது ஸ்பூலைப் பெருவிரலால் லேசாக அமுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். தொளதொளவென்று சுற்றினால் முடித்து வெளியே எடுக்கும்போது ஓரங்களில் வெளிச்சம் ஏறிவிடும்.

இனி கழுவுவது.

டேங்க், வெளிச்சம் புகாத பேட்டர்சன் பிளாஸ்டிக் டேங்க். உள்ளே ஃபிலிமைச் சுற்றி ஏற்றும் ரீலை முறுக்கி விரித்தால் 120 அகலத்துக்கு வரும். இருட்டில் ரீலில் ஏற்றுவதுதான் எல்லாரும் பயப்படும் கட்டம். கறுப்புத் துணிப்பை விற்கிறார்கள். நம் ஊரில் அதற்குள் கையை விட்டால் கொஞ்ச நேரத்தில் வியர்த்துக் கொட்டும். அந்த ஈரத்தில் ஃபிலிம் ஊறி, ரீலில் பாதியில் சிக்கிக்கொள்ளும். இரவில், ஜன்னலைக் கறுப்புக் காகிதத்தால் அடைத்த குளியலறைதான் எனக்கு ஒத்துவருகிறது. தரை காய்ந்திருக்க வேண்டும், ரீலும் எலும்புபோல் காய்ந்திருக்க வேண்டும். வீணான ஒரு ரோலை வைத்துப் பகலில் கண்ணைத் திறந்தும், பிறகு மூடிக்கொண்டும் கை பழகும்வரை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் இருட்டுக்குள் போக வேண்டும்.

காகிதத்தைப் பிரித்துக்கொண்டே போனால் ஃபிலிம் தனியாகச் சுருண்டு வரும். கடைசியில் டேப் போட்டுக் காகிதத்தோடு ஒட்டியிருப்பார்கள். அதை மெதுவாக உரியுங்கள். வெடுக்கென்று இழுத்தால் அந்தக் கும்மிருட்டில் டேப் உரியும் இடத்தில் மங்கலான நீல வெளிச்சம் மினுங்கும், கண்ணாலேயே பார்க்கலாம். நான் டேப்பைக் காகிதத்திலிருந்து மட்டும் உரித்து, ஃபிலிம் நுனியின் மேல் மடித்து ஒட்டிவிடுகிறேன். அந்த முனை விறைப்பாக இருப்பதால் ரீலின் வாயில் சுலபமாக நுழைகிறது.

டெவலப்பர், அதாவது பதிந்த படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்து, டி-76. பாக்கெட் எப்போதும் கிடைப்பதில்லை என்பதால் நானே கலக்கிக்கொள்கிறேன். ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளில் நான்கு பொருளும் கிடைக்கும். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஈரமற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். 50 டிகிரி சூட்டில் முக்கால் லிட்டர் தண்ணீர் எடுத்து, முதலில் ஒரு சிட்டிகை சல்ஃபைட், பிறகு மெட்டால். மெட்டால் முழுதும் கரைந்த பிறகுதான் மீதி சல்ஃபைட்டைப் போட வேண்டும், முன்னதாகப் போட்டால் மெட்டால் கரைய மறுக்கும். அதன்பின் ஹைட்ரோகுவினோன், போராக்ஸ். லிட்டருக்குத் தண்ணீர் நிரப்பி, பழுப்பு பாட்டிலில் கழுத்துவரை ஊற்றி, காற்று புகாமல் மூடி, ஒரு இரவு விட்டுவிடுகிறேன். கையுறை கட்டாயம், மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும். தராசு, குவளை, கரண்டி எதுவும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

அடுத்தது வெப்பம். எல்லா அட்டவணையும் 20 டிகிரிக்குப் போட்டது. சித்திரையில் எங்கள் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 34, 35-க்குக் குறையாது. ஹெச்பி5-ஐ டி-76-இல் தண்ணீர் கலக்காமல் கழுவினால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். 28 டிகிரியில் அதே வேலை மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் மருந்து ஊற்றி வடிக்கும் நேரமே பெரிய பங்காகிவிடும், வானத்தில் திட்டுத்திட்டாக வரும். அதனால் மருந்தும் தண்ணீரும் சரிபாதி கலந்து நேரத்தை நீட்டிக்கொள்கிறேன். அந்தக் கலவைக்கு 20 டிகிரியில் 11 நிமிடம், 24 டிகிரியில் ஏறக்குறைய ஏழரை. எங்கள் வெயிலில் 24-ஐப் பிடித்துவைப்பது சாத்தியம், 20-ஐப் பிடிப்பது பெரும்பாடு.

விடிகாலையில் கழுவுவது பாதி வேலையைக் குறைக்கும். அகலமான ஒரு டப்பில் தண்ணீர் விட்டு, அதில் மருந்து, ஹைப்போ (வந்த படத்தை நிலைக்கவைக்கும் கரைசல்), கழுவும் தண்ணீர் எல்லாவற்றையும் பாட்டிலோடு இறக்கி, ஃப்ரிட்ஜில் உறையவைத்த தண்ணீர்ப் பாட்டில் ஒன்றைப் போட்டுவிடுகிறேன். எல்லாமே ஒரே 24-க்கு வர வேண்டும். மருந்து 24, கழுவும் தண்ணீர் 34 என்று திடீரென மாற்றுவது ஃபிலிமின் மேல்பூச்சுக்கு நல்லதல்ல.

ஒரு ரோலுக்கு அரை லிட்டர் கலவை. ஊற்றியதும் பத்து நொடிக்குள் டேங்கை நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்தி, அடியில் ஒரு தட்டுத் தட்டுவேன், குமிழி ஒட்டியிருந்தால் விடுபடும். பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை இதே நான்கு கவிழ்ப்பு. நேரம் ஆனதும் வடித்து, இரண்டு முறை தண்ணீர் மாற்றி, ஹைப்போ. ஸ்டுடியோக்களில் புழங்கிய அதே ஹைப்போதான், லிட்டருக்கு 250 கிராம் சோடியம் தயோசல்ஃபேட். படிகங்கள் கரையும்போது தண்ணீர் தானே குளிர்ந்து, குவளையின் வெளிப்புறம் சில்லென்று ஆகிவிடும். அதனால் இதை முன்கூட்டியே கலக்கி வைத்து, மற்றவற்றோடு டப்பில் சூட்டைச் சமன் செய்துகொள்கிறேன். எவ்வளவு நேரம் விடுவது என்று தெரிய, அதே ஃபிலிமின் சிறு துண்டொன்றை வெளிச்சத்திலேயே ஹைப்போவில் போட்டுப் பாருங்கள். பால்போன்ற வெண்மை எத்தனை நிமிடத்தில் தெளிகிறதோ அதைப்போல் இரு மடங்கு விட்டால் போதும், நான் மூன்று மடங்கு விடுகிறேன்.

கடைசிக் கழுவலுக்கு இல்ஃபோர்டு சொல்லும் முறை தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள ஊருக்கு வரம். டேங்கை நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டு, மறுபடி நிரப்பி 10 முறை, மறுபடி 20 முறை. குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் ஓடவிடத் தேவையில்லை. எங்கள் உப்புத் தண்ணீர் காய்ந்தால் நெகட்டிவில் வெள்ளைத் தடம் விழும் என்பதால் முடிவில் ஒருமுறை டிஸ்டில்டு வாட்டரில், தண்ணீர் சொட்டாக நிற்காமல் வழியவைக்கும் வெட்டிங் ஏஜென்ட் சில சொட்டு விட்டு முக்குகிறேன்.

ரீலிலிருந்து ஈரத்தோடு உருவி, ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கும் நேரத்துக்காகத்தான் இவ்வளவும். திருமலை நாயக்கர் மகால் தூண்கள் கருஞ்சாம்பலில், தூணுக்குப் பின்னால் நிழல் கண்ணாடிபோல, கீழே மணலில் நடந்த கால்தடம்வரை வரிவரியாக. பூதக்கண்ணாடியே இல்லாமல் வெறும் கண்ணால் ஆள் இன்னாரென்று சொல்லிவிடலாம். 35 மில்லிமீட்டரில் எனக்கு அது நடந்ததில்லை.

காயப் போடுவது மின்விசிறி இல்லாத குளியலறையில். சுடுதண்ணீர் திறந்து ஆவி அடங்கிய பிறகு தொங்கவிட்டால் தூசி தரைக்கு இறங்கியிருக்கும். காய்ந்ததும் மூன்று மூன்றாக வெட்டி நெகட்டிவ் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் வைத்த டப்பாவில். கேமராவுக்கும் அதே டப்பாதான். ஐப்பசி மழையில் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினால் பூஞ்சைக்கு விருந்து வைத்த கதைதான்.

இப்போதைக்கு லைட் பாக்ஸ் மேல் வைத்து, டிஜிட்டல் கேமராவில் மேக்ரோ லென்ஸ் போட்டு நகலெடுக்கிறேன். திரையில் பார்க்க அது நன்றாகவே இருக்கிறது. அடுத்து டார்க் ரூமில் பிரிண்ட் போட வேண்டும். அதற்கு 6×6 நெகட்டிவ் ஏற்கும் என்லார்ஜரும் (நெகட்டிவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழவைக்கும் கருவி) 75 அல்லது 80 மில்லிமீட்டர் என்லார்ஜர் லென்ஸும் வேண்டும். சிறு ஊர்களில் மூடிக்கிடக்கும் ஸ்டுடியோக்களின் பின்னறையில் இப்படிப் பல என்லார்ஜர்கள் தூசி படிந்து நிற்கின்றன, பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகின்றன. உங்கள் தெருவில் அப்படி ஒரு கடை இருந்தால் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். என்லார்ஜர் உங்களுக்கு வேண்டாமென்றால் எனக்குச் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.