போனஸ் சீசனும் புயலும்: அம்பத்தூர் ஷாப் ஃப்ளோர் குறிப்புகள்

2023 அக்டோபர் 9, திங்கள்

இந்த வருஷம் போனஸ் 8.33 சதவீதம்தான் என்று மேலே முடிவாகிவிட்டது. போன வருஷம் 15 கொடுத்தார்கள். ஆர்டர் குறைந்தது எல்லாருக்கும் தெரியும், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடுகிற ரெண்டு சிஎன்சி மெஷின் நைட் ஷிப்டில் சும்மா நிற்பதைப் பார்த்துக்கொண்டுதானே வீட்டுக்குப் போகிறார்கள். ஆனாலும் ஜி.எம். "ஆயுத பூஜை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம், இப்ப எதுக்கு மூடைக் கெடுக்கணும்" என்கிறார். அதற்குள் ஒருத்தர் பைக்குக்கு முன்பணம், இன்னொருத்தர் நகைக்கடை என்று 15-ஐ நம்பி இறங்கிவிட்டால் யார் பதில் சொல்வது? நானே சொல்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 11

ரெண்டு ஷிப்டும் மாறுகிற நேரத்தில், கணக்கை ஒரு தாளில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தேன். 8.33 என்றால் ஒரு மாசச் சம்பளம் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள், பன்னிரண்டில் ஒரு பங்கு என்பதால். ஆனால் 1965 போனஸ் சட்டப்படி கணக்குக்கு எடுப்பது மாசம் 7,000 ரூபாய், அல்லது அந்தத் தொழிலுக்கு அரசு வைத்த குறைந்தபட்சச் சம்பளம், எது அதிகமோ அது. 18,000 வாங்குகிறவருக்கு 18,000 வராது. இந்த இடத்தில்தான் சத்தம் கிளம்பியது. பின்னாலிருந்து ஒருத்தர், "நீங்க யார் பக்கம் சார்?"

சதவீதத்தை மாற்றும் அதிகாரம் என்னிடம் இல்லை, கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை, தீபாவளிக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை பணம் ஏறிவிடும், அதற்கு நான் பொறுப்பு என்றேன். அந்தத் தேதியை ஜி.எம்.மிடம் எழுத்தில் வாங்கி வைத்திருந்தேன். இல்லையென்றால் வாயே திறந்திருக்க மாட்டேன்.

அக்டோபர் 14

மெஷினை ஒவ்வொரு வேலைக்கும் தயார்செய்து கொடுக்கிற செட்டர் அண்ணன் தனியாக வந்தார். சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் போனஸ் சட்டத்துக்குள்ளேயே வர முடியாது. போன வருஷம் ஏப்ரலில் அவருக்கும் இன்னொரு செட்டருக்கும் இன்கிரிமென்ட் போட்டு 21,400 ஆக்கினார்கள். தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐக்கும் அதே 21,000தான் எல்லை. அவர் அம்மாவுக்கு அயனாவரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொண்டிருந்த சர்க்கரை மாத்திரை முதலில் நின்றது, இப்போது போனஸும் இல்லை. நானூறு ரூபாய்க்கு இவ்வளவு விலை. ஏற்றுவதாக இருந்தால் இந்தக் கோட்டை நன்றாகத் தாண்டி ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் கோட்டுக்கு இந்தப் பக்கமே விட்டுவிட வேண்டும். இதைப் பார்க்காமல் இன்கிரிமென்ட் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிற ஆட்களை என்ன சொல்ல!

அக்டோபர் 21

பூஜை. பொரி, கடலை, பூசணிக்காய், எல்லாம் வழக்கம்போல. குரூப் போட்டோவுக்கு செட்டர்கள் ரெண்டு பேரும் வரவில்லை.

நவம்பர் 7

பணம் ஏறிவிட்டது. செட்டர்களுக்குக் கருணைத்தொகை என்ற பெயரில் பாதி. அதை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "சட்டப்படி கிடையாதே" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். விசுவாசம், குடும்பக் கஷ்டம் என்று பேசியெல்லாம் பிரயோஜனமில்லை என்று தெரிந்ததும், ஒரு செட்டர் போனால் எத்தனை மெஷின் நிற்கும், புது ஆள் கை பழகும்வரை எவ்வளவு ரிஜெக்‌ஷன் வரும் என்று பழைய ரிப்போர்ட்டை எடுத்து வைத்தேன். அப்போதுதான் பாதிக்காவது இறங்கி வந்தார்கள். அண்ணன் "பாதிதானா" என்று ஒரு வார்த்தை கேட்டார், அவ்வளவுதான்.

டிசம்பர் 7

ஞாயிறு ராத்திரி பிடித்த மழை திங்கள் முழுக்க விடவில்லை. மிக்ஜாம் புயல். தொழிற்பேட்டைக்குள் தண்ணீர், எங்கள் ஷெட்டில் முழங்கால் அளவு, கீழே இருந்த மோட்டார்கள் எல்லாம் ரீவைண்டிங்குக்குப் போக வேண்டும். கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை, அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டர் நனைந்து கிடக்கிறது. இன்றைக்குச் சம்பள நாள். ஆயிரம் பேருக்குக் குறைவான கம்பெனி 7-ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும், வெள்ளம் வந்தாலும் வீட்டு ஓனர் வாடகை கேட்பார். டைம் ஆபீஸ்காரர் கையால் எழுதி வைத்திருந்த வருகை நோட்டு அலமாரியின் மேல்தட்டில் இருந்ததால் பிழைத்தோம். அதை வைத்து ஆளுக்குப் பாதிச் சம்பளம் ரொக்கமாகக் கொடுத்தாயிற்று, மீதி வங்கி வேலை செய்ததும்.

இதற்கு நடுவில் 4, 5, 6 மூன்று நாளும் ஆப்சென்ட் போடலாமா என்று ஜி.எம். கேட்கிறார். 4, 5 அரசே பொது விடுமுறை அறிவித்த நாட்கள், அதைக் காட்டி அந்த ரெண்டையும் சம்பளத்தோடு வாங்கிவிட்டேன். 6 இழுபறி. போர்டில் அப்படியே எழுதினேன்: 6-ஆம் தேதி இன்னும் முடிவாகவில்லை, சனிக்கிழமை நாலு மணிக்குச் சொல்கிறேன்.

டிசம்பர் 11

சனிக்கிழமை சொன்னேன், 6-க்குச் சம்பளம் உண்டு. இன்றைக்குக் காலையில் செட்டர் அண்ணன் ராஜினாமா கொடுத்தார், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது. பாதி கொடுத்தும் போகிறானே என்கிறார் ஜி.எம். பாதி கொடுத்ததால்தான் சார் போகிறார். யாருக்கு வேலை பழக்கலாம் என்று அண்ணனிடமே கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல், ரெண்டாம் லைனில் நிற்கிற ஒடிசா பையனைக் காட்டினார், டிராயிங் பார்த்துத் தானாகவே மெஷினில் ஆஃப்செட், அதாவது டூல் அளவுத் திருத்தம், போடுகிறானாம். அவன் காண்ட்ராக்ட் ஆள் ஆச்சே, கம்பெனி ரோலில் எடுக்க முடியாது என்று மேலிருந்து இப்போதே பதில் வந்துவிட்டது. நாளைக்கு அந்தப் பஞ்சாயத்து.