செஸ்னா 172எஸ்-க்கு ப்ரொஃபைல் போட்ட அனுபவம்

ஃபிளைட் பிளானிங் மென்பொருளில் செஸ்னா 172எஸ் என்ற சிறிய விமானத்தைத் தேர்ந்தெடுத்தாலே ஒரு ரெடிமேட் ப்ரொஃபைல், அதாவது அது ஏறும், பறக்கும், இறங்கும் வேகமும் எரிபொருள் செலவும் அடங்கிய எண்களின் தொகுப்பு, வந்துவிடும். அமெரிக்காவின் அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கத்தில் எங்கள் விமானக் கிளப்பில் பலரும் அதை வைத்துத்தான் பறக்கிறார்கள். குளிர்நாளில், சமவெளியில் அது போதும். நான் அடிக்கடி போவதோ ஃபீனிக்ஸின் டீர் வேலி விமான நிலையத்திலிருந்து வடக்கே மலைமேல் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃபுக்கு. புறப்படும் இடம் சுமார் 1,500 அடி உயரம், இறங்கும் இடம் 7,000 அடிக்கும் மேல். மொத்தமே 90 கடல் மைல்தான். அதில் கால்வாசிக்கு மேல் ஏறுவதிலேயே போய்விடும். அதனால் நானே ஒன்று போட உட்கார்ந்தேன்.

முதலில் விமானத்தோடு வரும் கையேடு. 172எஸ் கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு 730 அடி ஏறும். 14,000 அடியில் மூச்சு முட்டிவிடும். இடையில் ஏற்ற வேகம் குறைந்துகொண்டே வரும். மென்பொருளின் எளிய படிவம் கேட்பதோ ஒரே ஒரு எண். நான் உயரவாரியாக நிரப்பும் அட்டவணையைத் தேர்ந்தெடுத்தேன். கையேட்டு அட்டவணை கடல் மட்டத்திலிருந்து கணக்குப் போடுகிறது. ஆகவே நான் ஏறிச் சேரும் 9,500 அடிக்கான எண்ணிலிருந்து 1,500 அடிக்கானதைக் கழிக்க வேண்டும்; கழித்தால் சுமார் 16 நிமிடம், 3 கேலன், 21 கடல் மைல் வரும். இது கடல் மட்டத்தில் 15 டிகிரியில் தொடங்கி, மேலே போகப் போகக் குளிரும் என்று வைத்துக்கொள்ளும் நியம வளிமண்டலத்துக்கு. இங்கே கோடையில் விடியற்காலையிலேயே 32 டிகிரி அடிக்கும். அந்த உயரத்தின் நியம வெப்பநிலையைவிட 20 டிகிரி அதிகம். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 10 சதவீதம் கூட்டச் சொல்கிறது அட்டவணையின் கீழே பொடி எழுத்தில் இருக்கும் குறிப்பு. ஆக சுமார் 19 நிமிடம், 25 மைல். ஏறி முடிக்கும் புள்ளி வழியில் இருக்கும் பிளாக் கேன்யன் சிட்டி என்ற ஊரைத் தாண்டிப் போய்விடுகிறது.

அந்தப் பொடி எழுத்துக் குறிப்புகளில்தான் விஷயமே இருக்கிறது. க்ரூஸ், அதாவது ஏறி முடித்து மட்டமாகப் பறக்கும் கட்டத்துக்கான அட்டவணையின் கீழே ஒன்று: சக்கர உறைகள் இல்லாவிட்டால் வேகத்தில் 2 நாட் (மணிக்கு 2 கடல் மைல்) குறைக்கவும். எங்கள் விமானத்தில் உறைகளைக் கழற்றியே வைத்திருக்கிறார்கள், டயரில் காற்றுப் பார்க்க வசதியாக.

அப்புறம் அளவெடுப்பு. எங்கள் விமானத்தில் கார்மின் ஜி1000 என்ற திரைக் கருவித் தொகுப்பு இருக்கிறது. வலதுபுறத் திரையின் மேல் ஸ்லாட்டில் எஸ்டி கார்டு போட்டால் வேகம், உயரம், வெளி வெப்பநிலை, எரிபொருள் ஓட்டம் எல்லாவற்றையும் நொடிக்கு ஒரு வரியாக எழுதி வைக்கும். அதை எக்செல்லில் திறந்து, உயரம் மாறாமல் போன பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்தேன். காற்று குலுக்கிய இடங்களைத் தள்ளிவிட வேண்டும். இல்லையென்றால் சராசரி பொய் சொல்லும். வேகம் கையேட்டுக்குப் பக்கத்திலேயே வந்தது. எரிபொருள் கணக்குதான் ஒத்துவரவில்லை. மிக்சரை, அதாவது எஞ்சினுக்குப் போகும் காற்று-எரிபொருள் கலவையை, எந்த அளவுக்கு லீன் செய்வது (எரிபொருளைக் குறைப்பது) என்பதில் ஆளுக்கு ஒரு பழக்கம். கையேட்டு எண்கள் அது சொல்லும்படி லீன் செய்தால் மட்டுமே செல்லும். வாடகை விமானங்களில் பலர் கொஞ்சம் ரிச்சாகவே, எரிபொருள் கூடுதலாகவே ஓட்டுகிறார்கள், நானும்தான். அதனால் க்ரூஸுக்குக் கையேட்டு எண்ணைப் போடாமல், என் பதிவில் வந்த எண்ணைப் போட்டேன். திரை காட்டும் ஓட்டத்தையும் கண்மூடி நம்பவில்லை. டேங்கை முழுக்க நிரப்பிப் பறந்து, திரும்பி வந்து அதே பம்பில் முழுக்க நிரப்பி, ரசீதையும் திரையையும் ஒப்பிட்டேன். திரை கொஞ்சம் குறைவாகவே காட்டியது. அந்த வித்தியாசத்தையும் சேர்த்தேன்.

ஸ்டார்ட், டாக்ஸி (ஓடுபாதை வரை தரையில் ஓட்டுவது), டேக்-ஆஃப் மூன்றுக்கும் சேர்த்து 1.4 கேலன் என்கிறது கையேடு. டீர் வேலியில் காலை நேரத்தில் பயிற்சி விமானங்கள் வரிசைகட்டி நிற்கும், அங்கே அது கட்டுப்படியாகாது. நான் 2 போட்டேன்.

இறக்கத்துக்குக் கையேட்டில் அட்டவணையே கிடையாது. நிமிடத்துக்கு 500 அடி, 120 நாட் என்று வைத்துக்கொண்டேன். பயணிக்குக் காது அடைக்காது, எஞ்சினும் சட்டென்று குளிராது. ஃபிளாக்ஸ்டாஃப் போகும்போது இது பெரிதாகத் தேவைப்படாது. திரும்பி வரும்போது 8,500-லிருந்து 2,500-க்கு வர 12 நிமிடம், 24 மைல்.

ரிசர்வை, அதாவது போய்ச் சேர்ந்த பிறகும் மிச்சமிருக்க வேண்டிய எரிபொருளை மட்டும் ப்ரொஃபைலுக்குள் கலக்கவில்லை. பகலில் கண்பார்வை விதிப்படி பறக்க 30 நிமிடம் போதும் என்பது அமெரிக்கச் சட்டம். பாலைவனத்தின் மேல் எனக்கு ஒரு மணி நேரம் வேண்டும். எரிபொருள் ஓட்டத்திலேயே ரகசியமாகக் கொஞ்சம் கூட்டி வைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பதிவோடு ஒப்பிட்டுத் திருத்தவே முடியாமல் போகும்.

இப்போது பறந்து வந்ததும் திட்டத்தையும் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். எரிபொருள் அரை கேலனுக்குள் ஒத்துப்போகிறது. ஏறி முடிக்கும் புள்ளிதான் இன்னும் தள்ளிப் போகிறது. ஃபீனிக்ஸின் கிளாஸ் பி, அதாவது பெரிய விமான நிலையத்தைச் சுற்றி அனுமதியில்லாமல் நுழைய முடியாத வான்பரப்புக்குக் கீழே கொஞ்ச தூரம் மட்டமாகப் போய்விட்டுத்தான் மேலே ஏற முடிகிறது. ப்ரொஃபைலுக்கு அது தெரியாது. அதற்காக ஏற்ற எண்களைக் கெடுக்காமல், அந்த இடத்தில் ஒரு வேபாயின்ட் (வழிப்புள்ளி) வைத்து உயரத்தைத் தனியாகக் கொடுக்கிறேன்.