இருட்டு தேடி திருச்சுழிப் பக்கம் போன கதை

வெள்ளி (நட்சத்திரத்த எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம்) பாக்கப் போறோம்னு வீட்ல சொன்னதுக்கு எங்கம்மா கேட்ட மொதக் கேள்வி, "மொட்ட மாடியில தெரியாததா அங்க தெரியப்போகுது?" எங்க மொட்ட மாடியில உக்காந்து பொறுமையா எண்ணுனா ஒரு முப்பது தேறும், அதுல ரெண்டு பிளேன். மதுரைக்குள்ள அவ்வளவுதான்.

நாள் குறிக்கிறதுலயே பாதி உசுரு போச்சு. நிலா இருந்தா வேலைக்காகாது, அமாவாசையை ஒட்டுன சனிக்கிழமைதான் வேணும். 2026 ஜனவரி 18 தை அமாவாசை, 17 சனிக்கிழமை, அடடான்னு பாத்தா அன்னைக்கு அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு, எங்க குரூப்புல பாதிப்பேரு வாடிவாசலப் பாப்பானே தவிர வானத்தப் பாக்க மாட்டான். சரி அடுத்த மாசம், பிப்ரவரி 17 அமாவாசைன்னா 15 சிவராத்திரி. நம்ம பக்கம் மாசி சிவராத்திரின்னா சொல்லவா வேணும், பொட்டக்காட்டுக்குள்ள வருசம் பூரா விளக்கே எரியாத குலசாமி கோயில்ல கூட டியூப் லைட்டு, சீரியல் செட்டு, ஜெனரேட்டர், வேன் வேனா சனம், அந்த வார இறுதியில தென்மாவட்டத்துல இருட்டுன்னு ஒண்ணு கெடையவே கெடையாது (அமாவாசைக்கு முந்துன சதுர்த்தசிதான சிவராத்திரி, அப்ப வருசா வருசம் இதே கதைதான்). கடைசியில 21-ந்தேதின்னு முடிவு. நாலு நாள் பிறை, பத்து மணிக்குள்ள எறங்கிரும், அதுவரைக்கும் சாப்புடுற வேலையப் பாப்போம்.

அடுத்தது இடம். டெலஸ்கோப் வச்சிருக்க மாப்ள அழகர்கோயில் தாண்டி நத்தம் ரோட்டுப் பக்கம்னான். நான் வேணாம்னேன். எனக்கு அகத்தியர் நட்சத்திரம் பாக்கணும், அது தெக்கு வானத்துல வரும், நம்ம ஊருலருந்து அதிகபட்சம் 27 டிகிரிதான் மேல ஏறும், கைய நீட்டி முஷ்டி மேல முஷ்டி வச்சா மூணு முஷ்டி கூட வராது. மதுரைக்கு வடக்க போயி நின்னோம்னா மொத்த மதுரை வெளிச்சமும் தெக்கதான நிக்கும், அகத்தியர் அதுக்குள்ள முங்கிருவாரு. ஊருக்குத் தெக்க போயிட்டா அந்த வெளிச்சம் முதுகுப் பக்கம் போயிரும். இத அவனுக்குப் புரிய வைக்க ரெண்டு டீ செலவாச்சு. காரியாபட்டி தாண்டி திருச்சுழிப் பக்கம்னு முடிவு பண்ணோம், மலை கெடையாது, பூரா கருவேலமும் கம்மாயும், நாலு பக்கமும் வானம் தரையத் தொடும்.

மொத ரவுண்டு பகல்ல போயிப் பாத்துட்டு வந்தோம். பகல்ல போயி இருட்டப் பாத்துட்டு வந்த அறிவாளிங்க நாங்க! அருமையான இடம்னு வீடு வந்து சேந்தப்பறந்தான் தெருவிளக்கு எத்தனைன்னு எண்ணலையேன்னு ஞாபகம் வந்துச்சு. அடுத்த சனிக்கிழமை ராத்திரி, நிலா வர்றதுக்கு முன்னாடி, நானும் மாப்ளயும் பைக்ல போனோம். கம்மாக்கரையில வண்டிய நிப்பாட்டி லைட்ட அமத்துன ரெண்டாவது நிமிசம் ஒரு நாய், அதுக்குப் பின்னாடி ஒரு டார்ச், அதுக்குப் பின்னாடி ஒரு பெரியவரு.

"யார்றா அது, மண்ணு அள்ளவா?"

எனக்கு வாய் கொழறிப்போச்சு. ராத்திரி கம்மாக்கரையில வெளியூர்க்காரன் நின்னா வேற என்னத்த நெனப்பாங்க. மாப்ளதான், "ஐயா, வெள்ளி பாக்கலாம்னு வந்தோம்"னான். அவரு டார்ச்ச எங்க மூஞ்சியில அடிச்சு நல்லா பாத்தாரு. அப்பறம் அமத்திட்டாரு.

"வெள்ளி பாக்கவா? எந்த வெள்ளிய?"

அவருக்கு எழுவது வயசுக்கு மேல இருக்கும். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்த ஆறாமீனுன்னு காட்டுனாரு. கார்த்திகையில எத்தனை தெரியுதுன்னு நாங்க எண்ணிக்கிட்டு இருக்கப்ப, "எளவயசுல நான் ஏழு எண்ணுவேன்"னாரு. அப்பறம் செட்டியக் கெடுத்த வெள்ளி கத. ஏதோ ஒரு வெள்ளிய விடிவெள்ளின்னு நெனச்சு, விடிஞ்சிருச்சுன்னு நடுச்சாமத்துல மூட்டையக் கட்டிக் கெளம்புன யாவாரி வழியில கள்ளங்கிட்ட மாட்டிக்கிட்டாராம். எது அந்த வெள்ளின்னு கேட்டா, "இப்ப வராதுப்பா, சாமத்துக்கு மேல வரும்"னு முடிச்சிட்டாரு. கம்மாக்கரையில பாம்பு கெடக்கும், பொம்பளப் புள்ளைகள வேற கூட்டியாரீக, எங்க களத்துல வந்து இருங்கன்னு அவரே சொல்லிட்டாரு. கக்கூசுக்கு அவுக வீடு, ஆத்திர அவசரத்துக்குத் தண்ணி. இதுக்கு மேல என்ன வேணும்.

களத்துல ஒரே ஒரு பிரச்சன, ஓரத்துல ஒரு கம்பம், அதுல வெள்ளவெளேர்னு எல்இடி. ஒரு ராத்திரி அமத்த முடியுமான்னு தண்ணித்தொட்டிக்கு மோட்டார் போடுறவருட்ட கேட்டா, அமத்துனா அந்த லைன் மொத்தமும் அமந்துரும், தெருவுல வயசானவுக இருக்காகன்னாரு. நியாயந்தான, நம்ம பொழுதுபோக்குக்கு ஒரு தெருவே தடுமாறணுமா. ஐயாதான் யோசன சொன்னாரு, ட்ராக்டர் ட்ரெய்லரக் கம்பத்துக்கும் களத்துக்கும் நடுவுல நிப்பாட்டி, அதுலருந்து வேப்பமரத்துக்கு நெல்லு மூடுற கருப்புப் படுதாவ இழுத்துக் கட்டுனா நெழல் களத்துல பாதிக்கு விழும். விழுந்துச்சு. பதினாலு பேரும் அந்த நெழலுக்குள்ளதான் இருந்தோம்.

சாமான் சேக்குறது தனிக் கூத்து. டார்ச்சுக்குச் செவப்புக் கண்ணாடித்தாள் சுத்தணும், கண்ணு இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிசம் ஆகும், ஒரு செகண்டு வெள்ள வெளிச்சம் பட்டா மறுபடி மொதல்லருந்து. மங்கலான வெளிச்சத்தப் பாக்குற செல்லுக செவப்ப அவ்வளவா கண்டுக்காது, அதான் செவப்பு. ஒத்தத்தாள் பத்தல, உள்ளருந்து வெள்ளையாவே கசியுது, நாலு மடிப்பு மடிச்சு ரப்பர் பேண்டு போட்டேன். இவ்வளவும் பண்ணிட்டு கார் டிக்கியத் தொறந்தா உள்ள இருக்க லைட்டு பளீர்னு எரியும், அத யாருமே யோசிக்கல, கெளம்புற அன்னைக்குக் காலையில ஞாபகம் வந்து மூணு காருக்கும் கருப்பு டேப் ஒட்டுனேன். பச்ச லேசர் கொண்டு வர்றேன்னு ஒருத்தன் குதிச்சான், வடக்க ஏர்போர்ட்டு இருக்கு, பிளேன் எறங்குற நேரத்துல வெளையாட்டு வேணாம்னு வீட்லயே வச்சிட்டு வரச் சொல்லியாச்சு. எல்லாரும் ஷூ, கட்டாயம், விரியன் ராத்திரிதான் நடமாடும். இட்லிப்பொடி தடவுன இட்லி, பரோட்டா பார்சல், ரெண்டு பிளாஸ்க் சுக்குமல்லிக் காப்பி.

தைப்பனி தரையைத் தொளைக்கும், மாசிப்பனி மச்சைத் தொளைக்கும்னு சொல்லுவாக, எங்களுக்கு டெலஸ்கோப்பத் தொளைச்சுச்சு. மாப்ளயோடது எட்டு அங்குலக் கண்ணாடி வச்ச டாப்சோனியன் வகை டெலஸ்கோப், பின் சீட்டுல அவன் பொண்டாட்டிக்கு எடமில்லாம அது படுத்துக்கிட்டு வந்துச்சு. பழைய யோகா மேட்ட வெட்டி வாயச் சுத்திக் கட்டியும் பதினோரு மணிக்கு, கண்ணு வச்சுப் பாக்குற ஐபீஸ் பூரா பனி, துணியால தொடைக்காத, கைக்குள்ள பொத்தி சூடு காட்டுன்னு ஒரே சத்தம். போட்டோ எடுக்க, வானம் நகர நகர கேமராவத் திருப்புற டிராக்கர் கொண்டு வந்த தம்பி பாடு அதவிட மோசம். டிராக்கரச் சரியா திசை பாத்து நிறுத்தத் துருவ நட்சத்திரம் வேணும், நம்ம ஊருல அது பத்து டிகிரி ஒசரத்துலதான் நிக்கும், ஒரு முஷ்டி. நான் சாமர்த்தியமா முதுகுக்குத் தள்ளுன மதுரை வெளிச்சம் கரெக்ட்டா அது மேலதான் நிக்குது. முக்கா மணி நேரம் தேடிட்டு என்னைய ஒரு பார்வ பாத்தான்.

ஆனா அகத்தியர் ஒம்பது மணிக்கு தெக்க, கருவேலங்காட்டுக்கு மேல தன்னந்தனியா நின்னாரு. வியாழன் புனர்பூசத்துக்குப் பக்கத்துல, டெலஸ்கோப்புல வச்சதும் ஓரத்துல அதோட பெரிய நெலா நாலும் வரிசையா, எங்க அக்கா மக பத்து நிமிசம் எடத்த விடல. "மாமா, நம்ம ராசிபலன்ல வர்ற குருவா இது?" அதேதான், பாத்துக்க. பிறை மறைஞ்சப்பறம் ஓரியன் நெபுலா (நட்சத்திரம் பொறக்குற வாயு மேகம்), 1,300 வருசத்துக்கு முன்னாடி கெளம்புன வெளிச்சம், அதாவது பாண்டியன் காலத்துல கெளம்புனது, ஈரச் சாம்பல் அப்புன மாதிரி லேசா. கலர்லாம் எதிர்பாக்காதீங்க, அது கேமராவுக்குத்தான்.

ஒரு மணி வாக்குல பாதிப்பேரு ஜமுக்காளத்துல தூங்கிட்டாங்க. தென்கிழக்க திரிசங்கு, சிலுவை மாதிரி இருக்க நட்சத்திரக் கூட்டம், சாஞ்சாப்புல ஏறி நின்னுச்சு. ஐயா தலையில துண்டக் கட்டிக்கிட்டு வந்து என் பக்கத்துல குந்துனாரு, ஒரு டம்ளர் சுக்குமல்லிய வாங்கிக் குடிச்சாரு, கொஞ்ச நேரங்கழிச்சு கெழக்க கையக் காட்டி, "இந்தா, கேட்டீல, அதான்"னாரு. செம்மஞ்சளா, நல்ல வெளிச்சமா ஒண்ணு. சுவாதியா இருக்கும்னு நெனச்சேன், இருந்தாலும் ஆப்ல ஒரு தடவ பாத்துருவோம்னு போன எடுத்தேன்.

"ஏப்பா, போன அமத்து, கண்ணு கூசுதுல்ல!"